வாடகைப் படிவத்தில் என்ன கேட்கப் போகிறோம்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹவுஸ் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் சி பிளாக்கில் குடியிருப்பவர். கல்லூரியில் சமூகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்.)



தண்ணீர் லாரிக் கணக்கை ஒன்றரை மணி நேரம் பேசி முடித்த பிறகும் இத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். காபி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று விதிகள் வாக்கெடுப்புக்கு வருகின்றன. சுற்றறிக்கை எல்லாருக்கும் வந்திருக்கும். முதலாவது, வாடகைக்கு வருபவர் நிரப்பும் படிவத்தில் மதம், திருமண நிலை, உணவுப் பழக்கம் என்று மூன்று புதிய கட்டங்கள். இரண்டாவது, வீட்டு வேலைக்கு வருபவர்கள் சர்வீஸ் லிஃப்டை மட்டும் பயன்படுத்த வேண்டும், வெளியே போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். மூன்றாவது, "குறிப்பிட்ட சில பகுதிகளிலிருந்து" வேலைக்கு வருபவர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம். எந்தப் பகுதிகள் என்று சுற்றறிக்கையில் எழுதவில்லை. நம் எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் எழுதவில்லை.

இந்த விதிகளைக் கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஏ பிளாக்கில் சைக்கிள் காணாமல் போனது, பி பிளாக்கில் வாடகைக்கு இருந்தவர்கள் இரவு இரண்டு மணி வரை பாட்டு போட்டது, எல்லாம் நடந்தவைதான். அதைச் சரிசெய்ய வேண்டும் என்ற கவலை நியாயமானது. நான் பேச வந்தது வேறு. பாகுபாடு மனிதர்களின் மனசுக்குள் மட்டும் இருக்கும் சரக்கு அல்ல. ஒரு தெரு, ஒரு கேட், ஒரு லிஃப்ட், ஒரு படிவம் ஆகியவையும் அதை உண்டாக்கும், அல்லது குறைக்கும். ஒரே ஆள்மேல் இரண்டு மூன்று முத்திரைகள் விழும்போது, அந்த ஆளை எந்த விதியும் காப்பாற்றாமல் போய்விடும். இந்த இரண்டையும்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இரண்டு மூன்று முத்திரைகள் என்றால் என்ன என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1976-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிமேல் வழக்குப் போட்டிருந்தார்கள். 1964-க்கு முன்னால் அந்தக் கம்பெனி கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. எழுபதுகளில் தொழில் மந்தமானபோது, கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் வெளியே அனுப்பியது. அதனால் கறுப்பினப் பெண்கள் அடியோடு வேலை இழந்தார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பெண்களைக் கம்பெனி எடுத்திருக்கிறது, எனவே பெண் என்ற பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் வெள்ளையர்கள், ஆபீஸ் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். இனப் பாகுபாட்டுப் புகாரை, அதே கம்பெனிமேல் இருந்த இன்னொரு இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு வழக்காகப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நின்ற ஐந்து பேரும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் 1989-இல் இந்த வழக்கை எடுத்து எழுதினார். அவர் சொன்ன உவமை நாற்சந்தி. நம் சோழிங்கநல்லூர் சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் நிற்கிறார். ஓஎம்ஆரிலிருந்தும் வண்டி வரலாம், மேடவாக்கம் பக்கத்திலிருந்தும் வரலாம், இரண்டும் ஒன்றாகவும் வரலாம். அடிபட்ட பிறகு, "எந்த வண்டி இடித்தது என்று நிரூபித்தால்தான் ஆம்புலன்ஸ் அனுப்புவோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இது அமெரிக்கக் கதை மட்டும் அல்ல. 2021 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஆந்திராவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், பிறவியிலேயே பார்வையற்றவர். பெண் என்பதும், சாதியும், பார்வைக் குறைபாடும் சேர்ந்து ஒருவரைத் தாக்கும்போது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று நீதிபதிகள் விரிவாக எழுதினார்கள். பாலியல் வன்முறைக்கான ஆயுள் தண்டனை உறுதியானது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த தண்டனை நிற்கவில்லை. குற்றம் நடந்தபோது அந்தச் சட்டத்தின் வாசகம், சாதியின் காரணமாகவே குற்றம் நடந்தது என்று நிரூபிக்கச் சொன்னது. பல காரணங்கள் பின்னிக்கிடக்கும்போது ஒன்றைத் தனியாக உருவி எடுத்து நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

இவ்வளவு பெரிய குற்றத்திலேயே இந்தச் சிக்கல் என்றால், வாடகை வீடு தேடும் சின்ன விஷயத்தில் எப்படி இருக்கும்? "டு-லெட்" போர்டைப் பார்த்துவிட்டு ஒரு பெண் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பது, ஐடி வேலை, முஸ்லிம், விவாகரத்து ஆனவர். ஓனர் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "ஃபேமிலிக்குத்தான் கொடுக்கிறோம்மா" என்பார். குடும்பத்தோடு வரும் முஸ்லிமுக்கு, "எங்க வீட்டில் சைவம்தான் சார், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்பார்கள். அதே ஓனர், கணவரைப் பிரிந்த இன்னொரு பெண்ணுக்கு, சொந்தக்காரர் மூலம் வந்தால், தயங்கித் தயங்கியாவது வீட்டைக் கொடுத்துவிடுவார். ஒவ்வொரு காரணத்தையும் தனியாகக் கேட்டால் நியாயம்போலத்தான் இருக்கும். யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் அந்தப் பெண் பத்து வீட்டுக்குப் போன் செய்து பத்திலும் இல்லை என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். எதனால் மறுத்தார்கள் என்று அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. காரணங்கள் மாறிக்கொண்டே இருந்தன. பதில் மட்டும் மாறவில்லை.

டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுக்தேவ் தோராட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி வேலை, பெயர் மட்டும் வேறு. அந்தப் பெயர்களைச் சொல்லி வாடகை வீட்டுக்குப் போன் செய்தார்கள். 2015-இல் முடிவுகள் வெளிவந்தன. உயர்சாதி இந்துப் பெயர்களுக்கு மறுப்பே இல்லை. தலித் பெயர்களில் ஏறக்குறைய 18 சதவீதத்துக்கும், முஸ்லிம் பெயர்களில் ஏறக்குறைய 31 சதவீதத்துக்கும் நேரடியாக இல்லை என்று பதில் வந்தது. வாடகையைக் கூட்டிச் சொன்னது, நிபந்தனை போட்டது எல்லாம் அதற்கு மேல்.

இனி இடத்துக்கு வருகிறேன். நம்மில் பலர் வீட்டில் வேலை செய்பவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களிலிருந்து வருகிறார்கள். அந்த ஊர்கள் எப்படி உண்டாயின என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நமக்கே பாதிதான் தெரியும்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. முதல் காலத்தில் வாரியம் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் அந்தக் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். அங்கே இருப்பவர்கள் நகரத்தின் நடுவில், மற்ற தெருக்களோடு சேர்ந்து இருக்கிறார்கள். பிறகு வழி மாறியது. 2000 வாக்கில் கண்ணகி நகர். 15 ஆயிரத்துக்கும் மேல் வீடுகள், தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. அடுத்து செம்மஞ்சேரி, சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களும் அங்கே வந்தன. அடுத்து பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடங்கள், 20 ஆயிரம் அளவில் வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவக் கரையிலும் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டுவந்தார்கள்.

வந்தவர்களில் கணிசமானவர்கள் பட்டியல் சாதியினர். எல்லாரும் ஏழைகள். நகரத்தின் நடுவில் பல தெருக்களில் சிதறி இருந்தவர்களை, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். அதுவரை அவர்களுக்குச் சாதி என்ற முத்திரை இருந்தது, ஏழை என்ற முத்திரை இருந்தது. இப்போது முகவரி என்ற மூன்றாவது முத்திரை சேர்ந்தது. பின்கோடைச் சொன்னாலே போதும், வேறு எதுவும் கேட்க வேண்டாம் என்ற நிலை.

இந்த முகவரி எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கண்ணகி நகர் என்று ஒரு இருபது வயதுப் பையன் சொன்னால், கேட்பவருக்கு ரவுடி ஞாபகம் வருகிறது. வண்டியை ஓரம் கட்டச் சொல்கிறார்கள், இன்டர்வியூவில் "பிறகு கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். அதே ஊரைச் சொல்லும் பெண்ணுக்குத் திருட்டுச் சந்தேகம் வருகிறது. அவர் கணவரைப் பிரிந்து வாழ்பவர் என்றால் நடத்தைச் சந்தேகமும் கூடவே வருகிறது. திருநங்கை என்றால் கேட்கவே வேண்டாம். நகரத்தில் நல்ல தெருவில் வீடு கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் இரண்டு பங்கு வாடகை. வேறு வழியில்லாமல் தெருவிளக்கு இல்லாத, எல்லாரும் ஒதுக்கிய பகுதியில் போய் இருப்பார். பிறகு, "அந்த மாதிரி ஏரியாவில் இருக்கிறவர்" என்று அதையே அவருக்கு எதிராகச் சொல்வார்கள். முஸ்லிம்களுக்கும் இதேதான். பத்துத் தெருவில் மறுத்து, பதினோராவது தெருவில் அவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, "அவர்கள் தங்களுக்குள்தான் இருப்பார்கள்" என்கிறோம்.

இன்னொன்றும் நடக்கிறது. இடத்தின் குறையை ஆளின் குணமாகப் படிக்கிறோம். பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். லிஃப்ட் பழுதானால் குடத்தோடு படியேற வேண்டும். தண்ணீர் வருகிற நேரத்துக்குத்தான் பிடித்து வைக்க வேண்டும். பிறகு பஸ் பிடிக்க வேண்டும், அல்லது ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை நிற்க வேண்டும். ஏழரைக்கு வர வேண்டியவர் எட்டேகாலுக்கு வருகிறார். நம் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன எழுதுகிறோம்? "இந்த ஏரியா ஆட்களே இப்படித்தான், பொறுப்பு கிடையாது." பஸ்ஸின் தாமதம் அவர் பொறுப்பின்மையாக மாறிவிட்டது. மழைக்காலத்தில் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீர். அன்றைக்கு வராமல் போனால் சம்பளம் பிடிக்கிறோம். நம் பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்தபோது நாம் ஒர்க் ஃப்ரம் ஹோம் எடுத்துக்கொண்டோம்.

அந்த ஊர்களில் குற்றம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வேலையிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் தூரமாகக் கொண்டுபோய், ஆயிரக்கணக்கான குடும்பங்களை நெருக்கி வைத்த எந்த ஊரிலும் பிரச்சினை இருக்கும். அதனால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அங்கேயே இருக்கும் மக்கள்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார். ஊர்ப் பெயரோடு சேர்த்தே அவர் பெயரைச் சொன்னோம், பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தோம். நல்லதுதான். ஆனால் அதே தெருவிலிருந்து தங்கம் வாங்காத இன்னொரு பெண் வேலை கேட்டு நம் கேட்டுக்கு வந்தால், மூன்றாவது விதிப்படி அவரைத் தனி வரிசையில் நிறுத்தப் போகிறோம். மரியாதை கிடைக்க ஒரு பெண் ஆசிய அளவில் ஜெயித்தாக வேண்டும் என்றால், மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

சரி, இதில் ஒரு அப்பார்ட்மென்ட் சங்கம் என்ன செய்ய முடியும் என்று நினைக்கலாம். நிறையச் செய்ய முடியும் என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்கிறேன். மார்ட்டன் டாய்ச், மேரி எவன்ஸ் காலின்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளை ஆராய்ந்து 1951-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நியூயார்க்கில் இரண்டு குடியிருப்புகள். அங்கே கறுப்பர், வெள்ளையர் என்று பார்க்காமல் வீடு ஒதுக்கினார்கள், அடுத்தடுத்த கதவு. பக்கத்திலேயே நெவார்க் நகரில் இரண்டு குடியிருப்புகள். அங்கே ஒரே வளாகம்தான், ஆனால் கறுப்பருக்குத் தனிக் கட்டடம், வெள்ளையருக்குத் தனிக் கட்டடம். இரண்டு ஊரிலும் வெள்ளையர் வீட்டுப் பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள்.

கலந்து ஒதுக்கிய இடத்தில், பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெண்ணோடு பழக்கம் வந்திருந்தது. துணி துவைக்கும் இடத்தில், படிக்கட்டில், பிள்ளைகளை அழைக்கப் போகும்போது பேச்சு வளர்ந்து, முன்பு இருந்த எண்ணம் மாறிவிட்டது என்று பலர் சொன்னார்கள். கட்டடம் கட்டடமாகப் பிரித்த இடத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்தும் பழக்கமே இல்லை. அவர்களைப் பற்றிய எண்ணம் பழையபடியே இருந்தது. கறுப்பருடன் பழகினால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற பயமும் அங்கேதான் அதிகம். மனிதர்கள் ஒரே மாதிரியானவர்கள்தான். வீடு ஒதுக்கிய அதிகாரி போட்ட ஒரு விதிதான் வேறு.

சிங்கப்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே அரசு கட்டும் எச்டிபி வீடுகளில், சீனர், மலாய், இந்தியர் ஒரே பிளாக்கில் கலந்து இருக்க வேண்டும் என்று 1989-இல் ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அதிலும் குறை உண்டு. வீட்டை விற்கும்போது சிறுபான்மையினருக்கு, யாருக்கு விற்கலாம் என்ற வட்டம் சுருங்கிப் போகிறது. அந்த ஒதுக்கீடு தனியார் வாடகைக்குச் செல்லாத இடங்களில், இந்தியர்களுக்குக் கிடையாது என்று விளம்பரம் போட்ட ஓனர்களையும் நம் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே போய் அந்த விளம்பரத்தைப் பார்த்தால் நமக்குக் கொதிக்கிறது. இங்கே நாம் போடும் படிவத்தைப் பார்த்து யாருக்குக் கொதிக்கும் என்றும் யோசிக்கலாம்.

இப்போது நம் இரண்டாவது விதியைப் பாருங்கள். தனி லிஃப்ட். சாமான் ஏற்ற, குப்பை இறக்க சர்வீஸ் லிஃப்ட் வேண்டும், சரி. ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் வரும் ஒரு மனுஷியை அதில்தான் ஏற வேண்டும் என்று சொன்னால், அது சாமானுக்கான விதி அல்ல. தனி டம்ளர், தனி வாசல் எல்லாம் நம் தாத்தா பாட்டி காலத்தோடு போய்விட்டது என்று பெருமைப்படுகிறோம். பேரப்பிள்ளைகள் லிஃப்டில் இதைக் கற்றுக்கொள்வார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் பள்ளிக்குப் போகும்போது, யார் எதில் ஏறுகிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

வந்திருக்கும் மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"பாதுகாப்பு முக்கியம் இல்லையா, சார்?" முக்கியம்தான். அதனால்தான் பாதுகாப்பு விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். வேலைக்கு வருபவர்கள், டிரைவர்கள், வாடகைக்கு வருபவர்கள் எல்லாரிடமும் அடையாள அட்டை நகல் வாங்குவோம். போலீஸ் சரிபார்ப்பு என்றால் எல்லாருக்கும் செய்வோம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். ஒரு ஊரை மட்டும் சோதித்தால் மற்ற ஊர்க்காரர்களைச் சோதிக்காமல் விடுகிறோம் என்று பொருள். அது பாதுகாப்பும் இல்லை. பை சோதனையில் இதுவரை பிடிபட்டது என்ன என்று செக்யூரிட்டி சூபர்வைசரிடம் கேட்டேன். மிச்சமான சாம்பார், பழைய துணி, இரண்டும் வீட்டுக்காரர்களே கொடுத்தது. பொருள் வெளியே போகிறது என்றால் வீட்டுக்காரர் ஆப்பில் ஒரு செய்தி போட்டால் போதும். கூரியர்காரருக்கு அதைத்தானே செய்கிறோம்?

"என் வீடு, யாருக்குக் கொடுப்பது என்பது என் உரிமை." இதில் சட்டம் எப்படி இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். மதத்துக்காகவோ சாதிக்காகவோ வாடகை வீடு மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 1968-லேயே வந்துவிட்டது. 2005-இல் குஜராத்தின் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம், தங்கள் சமூகத்தாருக்கு மட்டும்தான் உறுப்பினர் இடம் என்று வைத்திருந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் சில கதவுகளைச் சட்டம் திறந்திருக்கிறது. 2017-இன் எச்ஐவி சட்டமும், 2019-இன் திருநர் உரிமைச் சட்டமும், வாடகைக்கு இருப்பதில் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆக, ஒரு திருநங்கைக்கு அவர் திருநங்கை என்பதற்காக வீட்டை மறுத்தால் சட்டமீறல். அதே திருநங்கைக்கு, "பேச்சிலருக்குக் கொடுப்பதில்லை" என்று சொல்லி மறுத்தால் யாரும் கேட்க முடியாது. திருமண நிலை என்ற கட்டத்தைப் படிவத்தில் வைத்தால், இப்படி மறுப்பதற்கான சாக்கைச் சங்கமே அச்சடித்துக் கொடுத்ததாக ஆகும். ஓனருக்கு உரிமை இருக்கலாம். அந்த உரிமைக்குச் சங்கம் ஏன் ஆவணம் தயாரிக்க வேண்டும்?

"உணவுப் பழக்கம் கேட்பதில் என்ன தப்பு?" என் வீட்டுச் சமையலறையில் என்ன வேகும் என்பது என் விருப்பம். அடுத்த வீட்டுச் சமையலறை என் விருப்பம் அல்ல. குப்பையைப் பிரித்துப் போடுவது, எக்ஸாஸ்ட் சரியாக வைப்பது ஆகியவற்றுக்கு விதி போடலாம், எல்லாருக்கும். கருவாட்டுக்கும் அது பொருந்தும், பெருங்காயத்துக்கும் பொருந்தும்.

"வீட்டு விலை குறைந்துவிடும்." இந்த ஓஎம்ஆரில் வீட்டு விலையைக் குறைப்பது என்ன என்று நமக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர், சாலை, மழை வெள்ளம். அதற்காக ஒன்றாகப் போராடும் சங்கம்தான் விலையைக் காப்பாற்றும். 1997-இல் ராபர்ட் சாம்ப்சன் குழு, சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டது. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும், அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் நம்பி, தப்பு நடந்தால் தட்டிக்கேட்கும் இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. நம் கேட்டைத் தினமும் நூறு முறை தாண்டுபவர்களில் பாதிப் பேரைச் சந்தேகத்தோடு பார்த்தால், அவர்கள் ஏதாவது தப்பு நடப்பதைக் கண்டால் நம்மிடம் வந்து சொல்வார்களா?

காபி வந்துவிட்டது. ஆகவே நான் முன்வைக்கும் திருத்தங்களைச் சொல்லி முடிக்கிறேன். ஐந்துதான். பெரிய செலவு எதற்கும் இல்லை.

ஒன்று, வாடகைப் படிவத்தில் பெயர், தொலைபேசி, வேலை, எத்தனை பேர், வண்டி எண், அவசரத் தொடர்பு, அடையாள அட்டை இவை போதும். மதம், திருமண நிலை, உணவு ஆகிய மூன்று கட்டங்களும் வேண்டாம்.

இரண்டு, சத்தம், குப்பை, பார்க்கிங் விதிகளை ஓனருக்கும் வாடகைதாரருக்கும் ஒன்றாக எழுதுவோம். மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். நடத்தைக்குத்தான் விதி, ஆளுக்கு அல்ல. பி பிளாக் பாட்டுப் பிரச்சினையும் இதிலேயே தீரும்.

மூன்று, அடையாளச் சரிபார்ப்பு எல்லாருக்கும். "குறிப்பிட்ட பகுதி" என்ற சொற்களை விதியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

நான்கு, சர்வீஸ் லிஃப்ட் சாமானுக்கு. மனிதர்கள் எந்த லிஃப்டிலும் ஏறலாம். வேலைக்கு வருபவர்களுக்குத் தரைத்தளத்தில் ஒரு கழிப்பறையும், உட்கார்ந்து சாப்பிட ஒரு இடமும் வேண்டும். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டோர் ரூம் காலியாகத்தான் இருக்கிறது.

ஐந்து, புகார் கேட்க மூன்று பேர் கொண்ட சின்னக் குழு. அதில் ஒருவர் வாடகைதாரராக இருக்கட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வேலைக்கு வருபவர்களும் அதில் புகார் கொடுக்கலாம் என்று தமிழில் எழுதி கேட்டில் ஒட்டுவோம். புகார் கொடுப்பவரிடம், "உங்களை மறுத்தது மதத்துக்காகவா, சாதிக்காகவா, பெண் என்பதற்காகவா, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்கக் கூடாது. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்வோம்.

கண்ணகி நகரை எங்கே கட்டுவது என்று நம்மைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதும் நம் கையில் இல்லை. ஆனால் அங்கிருந்து வருபவர் இந்தக் கேட்டுக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கும் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. படிவம் நாம் அச்சடிப்பது, லிஃப்ட் நம் மெயின்டனன்ஸ் பணத்தில் ஓடுவது.

திருத்தங்களைப் பொதுக்குழுவுக்கு அனுப்ப இருபது உறுப்பினர்கள் கையெழுத்து வேண்டும். தாள் வாசல் மேசையில் இருக்கிறது. ஒப்புக்கொள்பவர்கள் கையெழுத்துப் போடுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் என்னிடம் வந்து சண்டை போடுங்கள். காபி குடித்துக்கொண்டே பேசலாம். வாக்கெடுப்பு அன்று இரண்டு தரப்பும் வாருங்கள், பிராக்ஸி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.